நீலம் பாரித்தவை

1

இது எங்கிருந்து வந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு கேட்டால் மழுப்பிவிடுவேன்.

ஐசோபாட் என்கிற சிற்றுயிரை வளர்ப்பவர்கள் படம் போட்டுப் பேசிக்கொள்ளும் ஓர் இணையக் குழு உண்டு. நான் அதில் படித்துவிட்டுச் சத்தமில்லாமல் போகிற ரகம். ஒரு நாள் ஒருவர் ஒரு படம் போட்டிருந்தார். சாம்பல் நிற உடல்களுக்கு நடுவே ஒன்று மட்டும் நீலம். மயில் கழுத்து நீலம். "நாலு வருஷப் பொறுமைக்குக் கிடைச்ச பரிசு" என்று கீழே எழுதியிருந்தார். அதற்குக் கீழே பாராட்டுகள், கைதட்டல்கள், எனக்கு ஒரு ஜோடி கிடைக்குமா என்ற கேள்விகள். எல்லாவற்றுக்கும் கீழே, யாரோ ஒருவர், ஒரே ஒரு வரி: "இது நிறமில்ல, நோய்."

அதற்கப்புறம் படம் போட்டவர் எதுவும் எழுதவில்லை. நான் பல நாள் போய்ப் போய்ப் பார்த்தேன்.

அந்த வரியைப் படித்தபோது அவர் எந்த அறையில் உட்கார்ந்திருந்தார், அதற்குள் யாரிடமெல்லாம் சொல்லிச் சந்தோஷப்பட்டிருந்தார் என்று யோசிக்க ஆரம்பித்தேன். யோசிக்காமல் இருந்திருக்கலாம். அவருக்கு ஒரு தங்கை வந்தாள். பிறகு ஒரு அம்மா. அவர் அண்ணன் ஆனார். வயது குறைந்து, "அவன்" ஆனான்.

2

தொடக்கத்துக்கு மூன்று முறை முயன்றேன்.

"அண்ணனின் அறைக் கதவைத் திறந்தால் மழை நின்ற தோட்டத்தின் வாசனை வரும்."

வாசனை சரிதான். ஈர மண்ணும் மட்கிய இலையும் இருக்கிற எந்த அறையிலும் அது வரும். ஆனால் தோட்டம் என்று படித்ததும் இந்தக் கதையில் ஏதோ துளிர்க்கப்போகிறது என்று நீங்கள் நினைத்துக்கொள்வீர்கள். அடித்துவிட்டேன்.

"சில மனிதர்கள் கல்லுக்கு அடியில் வாழ்வதையே

இதை முடிக்கவே இல்லை. இப்படி ஆரம்பிக்கும் கதைகளை நானே பாதியில் மூடிவைப்பேன்.

மூன்றாவதை வைத்துக்கொண்டேன்:

அண்ணன் வெளியே போவதை நிறுத்தி இரண்டு வருடம் ஆகப்போகிறபோது, தங்கை அவனுக்கு ஒரு டப்பா நிறையப் பூச்சி வாங்கி வந்தாள்.

(பூச்சி இல்லை. பூச்சிக்கு ஆறு கால். இதற்குப் பதினான்கு. நண்டுக்கும் இறாலுக்கும் உறவு. எப்போதோ கரையேறி நிலத்தில் தங்கிவிட்டது. பூந்தொட்டியைத் தூக்கினால் அடியில் பருப்பு அளவில் சாம்பலாக ஓடுமே, சில வகை தொட்டதும் உருண்டுகொள்ளுமே, அதுதான். புத்தகத்தில் ஐசோபாட். சின்ன வயதில் நீங்கள் ஒன்றையாவது குச்சியால் உருட்டியிருப்பீர்கள். எல்லோரும் பார்த்தது, யாரும் பெயர் கேட்காதது. இந்த வீட்டில் அதற்கு உருண்டை என்று பெயர்.)

3

அண்ணன் மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் வேலை பார்த்தவன். லென்ஸை இயந்திரத்தில் பொருத்தி, சட்டத்துக்குள் உட்காரும்படி ஓரம் தீட்டுவான். நல்ல கை. ஒரு காலை பேருந்து நிறுத்தம்வரை போனான். பேருந்து வந்தது. ஏறாமல் வீட்டுக்கு வந்தான். மறுநாள் நிறுத்தம்வரைகூடப் போகவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

உங்களுக்கு ஒரு காரணம் வேண்டும். எனக்கும் வேண்டியிருந்தது. காதல் தோல்வி என்று எழுதிப் பார்த்தேன். அந்தப் பெண்ணுக்கு முகமே வரவில்லை. கடையில் ஒரு விபத்து என்று எழுதிப் பார்த்தேன். ரத்தம் வந்தது, காரணம் வரவில்லை. அம்மாவும் தங்கையும் இத்தனை நாளும் செய்துகொண்டிருப்பது இதைத்தான். வீட்டுக்கே வந்து பார்த்த மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்தார், காரணம் எழுதிக் கொடுக்கவில்லை. அவர்களுக்குக் கிடைக்காத ஒன்றை உங்களுக்கு மட்டும் கொடுக்க மனம் வரவில்லை.

அம்மா ஹாலில் தையல் மெஷின் போட்டிருக்கிறாள். புதுத்துணி தைப்பதில்லை. இளைத்தவர்களுக்குப் பிடித்துத் தைப்பது, பருத்தவர்களுக்குப் பிரித்து விடுவது. முதல் பிரதியில் அவளை நான் அழவைத்திருந்தேன். நாலு பக்கத்தில் மூன்று தடவை. பிறகு, அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, வாய் நிறைய குண்டூசியைக் கவ்விக்கொண்டு ஒருத்தி அவ்வளவு அழ முடியாது என்று பட்டது. கண்ணீரை எல்லாம் எடுத்தேன். எடுத்ததும் அவள் பேச ஆரம்பித்தாள்.

"என்னடி இது?" தங்கை டப்பாவைத் திறந்து காட்டியபோது கேட்டாள்.

"அண்ணனுக்கு. வளர்க்கிறதுக்கு."

"நாய் பூனைன்னா ஒரு அர்த்தம் இருக்கு."

"நாயை வெளியில கூட்டிட்டுப் போகணும்மா."

அம்மா குண்டூசிகளை ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்தாள்.

"அதுவும் சரிதான். வீட்டுக்குள்ள அடைஞ்சு கிடக்கிற ஜீவன் ஒண்ணு பத்தாதுன்னு, டப்பா நிறைய வாங்கிட்டு வந்திருக்கே."

மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. தும்மல் என்று இருவரும் நினைத்தார்கள். இரண்டாவது முறை வந்தபோது அது சிரிப்பு என்று தெரிந்தது. அம்மா மெஷினில் போய் உட்கார்ந்து, தேவையே இல்லாமல் சக்கரத்தைச் சுற்றினாள்.

4

தங்கைக்குத் தண்ணீர் பரிசோதிக்கும் ஆய்வகத்தில் வேலை. குழாய்களிலிருந்தும் தொட்டிகளிலிருந்தும் வரும் புட்டிகளைத் திறந்து, கிருமி இருக்கிறதா என்று பார்த்து, இருக்கிறது, இல்லை என்று சொல்வாள். அதிகம் பேசாதவளுக்கு ஏற்ற வேலை. ஒரு நாளைக்கு அந்த இரண்டு வார்த்தை போதும்.

மதிய இடைவேளையில் வளாகத்து மரங்களின் அடியில் சருகு பொறுக்குவாள். உருண்டைகளுக்கு அதுதான் சாப்பாடு. பச்சை இலை ஆகாது. தானாக உதிர்ந்து, பழுத்து, நரம்பு தெரிகிற பதத்தில் இருக்க வேண்டும். கைப்பையில் சருகோடு திரும்பி வருகிறவளுக்கு ஆய்வகத்தில் சருகு என்றே பெயர் விழுந்துவிட்டது.

"சருகு, அந்தக் கோடியில நல்லதா விழுந்து கிடக்கு, போய்ப் பொறுக்கிக்கோ" என்பார் மேற்பார்வை செய்யும் மேடம். "உங்கண்ணன் சாப்பாடாச்சே."

"அண்ணன் சாப்பிடறதில்ல மேடம். அண்ணன் வளர்க்கறது சாப்பிடுது."

"ரெண்டும் சாப்பிட்டாச் சரி."

மேடம் விளையாட்டாகத்தான் சொன்னார். அண்ணன் ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை என்பதை அவள் ஆய்வகத்தில் யாரிடமும் சொன்னதில்லை.

சருகைக் கொதிநீரில் போட்டு எடுத்து, உலர்த்தி, அண்ணன் அறைக்குள் கொண்டுபோவாள். ஒட்டுண்ணியும் பூஞ்சையும் உள்ளே வந்துவிடக் கூடாது என்று அந்தக் கொதிநீர். பெட்டியில் ஒரு பாதி ஈரப்பாசி, மறுபாதி உலர்ந்த மண். அவை செவுள் போன்ற ஒன்றால் மூச்சு விடுகின்றன. எல்லாம் காய்ந்தால் மூச்சு முட்டிச் சாகும், எல்லாம் நனைந்தால் மூழ்கிச் சாகும். நடுவில் எங்கே நிற்பது என்று அவை பார்த்துக்கொள்ளும். இரண்டு பக்கமும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வதுதான் வளர்க்கிறவன் வேலை. ஓடு கெட்டிப்பட முட்டையோட்டுத் தூள். அவ்வப்போது ஒரு சிட்டிகை உலர்ந்த மீன் தூள்; அது குறைந்தால் தோலுரிக்கிற பலவீனத்தில் இருப்பதை மற்றவை கடித்துவிடும். தோலை ஒரேயடியாக உரிப்பதில்லை. பின்பாதி முதலில், முன்பாதி பிறகு. இடைப்பட்ட நேரத்தில் பாதி வெள்ளையாக, பாதி சாம்பலாகத் திரியும். அண்ணன் அவற்றை அரைச்சட்டை என்பான்.

"இன்னைக்கு நாலு அரைச்சட்டை" என்பான், கண்ணாடிக் கடையில் பயன்படுத்திய உருப்பெருக்கியைக் கண்ணில் செருகிக்கொண்டு. அன்றைய பொழுதுக்கு அதுதான் அவன் பேச்சு. முன்பு அதுவும் இருந்ததில்லை.

ஒரு முறை அவளைக் கூப்பிட்டு, ஒரு தாய் உருண்டையைத் திருப்பிக் காட்டினான். வயிற்றடியில் மெல்லிய பை. அதற்குள் நீர், நீருக்குள் குஞ்சுகள்.

"நிலத்துக்கு வந்து எத்தனை கோடி வருஷமாச்சு. இன்னும் வயித்துல ஒரு சொட்டுக் கடலை வெச்சுக்கிட்டு அலையுது பாரு."

"அதுல உப்பு அவ்வளவு இருக்காது அண்ணா."

"பட்டம் வாங்கினவ வாயை மூடிட்டுப் பாரு."

அவள் வாயை மூடிக்கொண்டு பார்த்தாள். இந்தக் கதையில் அவள் சந்தோஷமாக இருந்த இடம் இது ஒன்றுதான். இதை நீட்டலாமா என்று பார்த்தேன். நீளவில்லை.

ஒரு பெட்டி மூன்றானது, மூன்று ஏழானது. உருண்டைக்காகக் காரட் நறுக்குகிறவன், நறுக்கி மிஞ்சிய துண்டைத் தானே மென்றான். அம்மா அதைக் கதவிடுக்கில் பார்த்துவிட்டாள். அன்றிலிருந்து காரட்டைக் கிலோக் கணக்கில் வாங்க ஆரம்பித்தாள். யாருக்கு இவ்வளவு என்று கேட்டால், பூச்சிக்கு என்பாள்.

செத்தவற்றை அண்ணன் எடுக்கவிடமாட்டான். "விடு. அதையும் அவங்களே சாப்பிட்டுருவாங்க. இங்க எதுவும் வீணாப் போகாது." அது சரியான வளர்ப்புமுறைதான். நானும் அப்படித்தான் படித்தேன்.

பிறகு ஒரு பெட்டியில் குஞ்சுகள் குறைந்தன. ஒரே குடும்பமாகவே இருந்தால் அப்படித்தான், புது ரத்தம் வேண்டும் என்றான். தங்கை ஆய்வகத்துக்குப் பின்னால் அடுக்கியிருந்த பழைய செங்கற்களைப் புரட்டி, அடியிலிருந்து அதே வகையில் ஒரு கைப்பிடி கொண்டுவந்து கொடுத்தாள்.*

* இந்தச் செங்கல்லை எடுத்துவிடலாமா என்று நெடுநேரம் யோசித்தேன். இருந்தால் நடந்ததெல்லாம் அவளால் நடந்ததாகிவிடும். எடுத்தால் யாராலும் நடக்காததாகிவிடும். இலையைக் கொதிக்க வைக்கலாம், உயிரைக் கொதிக்க வைக்க முடியாது. அந்தக் கைப்பிடியில் நோய் இருந்ததா, அதற்கு முன்பே பெட்டியில் இருந்ததா, எனக்கே தெரியாது. கிருமி தான் வந்த வழியைச் சொல்வதில்லை. செங்கல்லை விட்டுவைத்திருக்கிறேன். அவள்தான் என்று தயவுசெய்து முடிவு கட்டாதீர்கள். அதை அவளே கட்டிக்கொள்வாள்.

5

[இந்தப் பகுதியை எடுத்துவிட்டேன். அண்ணன் ஒரு மாலை தானாக ஜன்னலைத் திறப்பதாக இருந்தது. அதற்கப்புறம் வருவதை எழுத அது தடையாக இருந்தது.]

6

நீலம் வந்த நாளில் அண்ணன் பெட்டியோடு ஹாலுக்கு வந்தான்.

எழுதினால் ஒரு வரிதான். ஆனால் அவன் சாப்பாட்டுத் தட்டைக்கூடக் கதவருகே வாங்கிக்கொள்கிறவன். வந்து, அம்மாவின் மெஷின்மேல், தைத்துக்கொண்டிருந்த துணிமேலேயே பெட்டியை வைத்தான். கண்ணில் உருப்பெருக்கி செருகியபடியே இருந்தது.

"ஏய், இங்க வா. அம்மா, நீயும் பாரு."

மூவரும் குனிந்தார்கள். மூன்று தலைகள் ஒரு பெட்டிக்குமேல். எல்லா உருண்டைகளும் மரப்பட்டைக்கு அடியில் ஒளிந்திருக்க, ஒன்று மட்டும் மேலே, திறந்த வெளிச்சத்தில், அசையாமல் நின்றது. யாரோ நகைக்கடை விளக்குக்குக் கீழே வைத்ததுபோல நீலம்.

அம்மா மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தாள்.

"ஏன்டா, இது மட்டும் இப்படி நீலம் பாரிச்சுக் கிடக்கு?"

"பாரிச்சுன்னு சொல்லாதம்மா. இது நிறம். புது நிறம். லட்சத்துல ஒண்ணுதான் இப்படிப் பிறக்கும். இதைத் தனியா வெச்சு ஜோடி சேர்த்தா, ஒரு வம்சமே வரும். இந்த வீட்டுல வந்த வம்சம்."

"அப்படியா. நல்லாத்தான்டா இருக்கு" என்றாள் அம்மா, உடனே. மகன் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியதைக் கேட்ட அம்மா எதையும் நல்லா இருக்கு என்றுதான் சொல்வாள்.

அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. பாரிச்சு என்று அவள் ஒன்றும் தெரிந்து சொல்லவில்லை. உயிருள்ள உடம்பு நீலமானால் சொல்வதற்கு அவளிடம் இருந்த சொல் அது ஒன்றுதான். பாம்பு கடித்தவரை, விஷம் குடித்தவரைப் பற்றிச் சொல்லும்போது கேட்டுப் பழகிய சொல். நீலம் ஒரு நிறம். பாரித்துவிட்டால் அது நிறமில்லை. தமிழ் அதை எப்போதோ பிரித்து வைத்துவிட்டது.

அந்தச் சொல்லைக் கேட்டதும் தங்கையின் இதயம் ஒரு கணம்

[வேண்டாம். இதயம் எதுவும் செய்யவில்லை. கல்லூரியில் இரண்டாம் ஆண்டில் படித்த ஒரு பக்கம் நினைவுக்கு வந்தது, அவ்வளவுதான். இடது பக்க மூலையில் படம்.]

மறுநாள் ஆய்வகத்தில் புட்டிகளை ஒதுக்கிவைத்துவிட்டுத் தேடிப் படித்தாள். சாம்பல் பூத்த வெளிர்நீலத்தில் பிறக்கிற வகைகளும் இருக்கின்றன. சிறிது நேரம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் அது வேறு நீலம். இந்த நீலத்தில் சாயமே கிடையாது. வைரஸ் உடலின் செல்களுக்குள் பெருகி, இடம் போதாமல் ஒன்றோடொன்று ஒட்டி, படிகம்போல அடுக்கடுக்காக நிறைந்துவிடுகிறது. அந்த அடுக்கில் பட்டுத் திரும்பும் வெளிச்சம்தான் நீலமாகத் தெரிகிறது. அழகு தெரிய ஆரம்பிக்கும்போது உள்ளே இடமே மிச்சமிருக்காது. மருந்து இல்லை. செத்ததைத் தின்றால் தின்றதற்கும் வரும்.

இன்னொன்றும் படித்தாள். நோய் கண்டவை ஒளிந்துகொள்வதை விட்டுவிடுகின்றன. மற்றவை இருட்டுக்கு ஓடும்போது அவை வெளியே வந்து வெளிச்சத்தில் நிற்கின்றன.

(நீங்கள் இப்போது நினைப்பதை நானும் நினைத்தேன். தங்கையும் நினைத்தாள். மூவரும் அதை எழுதாமல் விட்டுவிடுவோம்.)

"என்ன சருகு, முகம் தொங்கிப் போச்சு? எந்தத் தொட்டியில கிருமி?" என்று கேட்டார் மேடம்.

"இல்ல மேடம். எதுலயும் இல்ல."

7

அவள் சொல்லவில்லை. அன்று மாலை சொல்லலாம் என்று வீட்டுக்கு வந்தபோது, அண்ணன் ஹாலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஃபோனில் பேசிக்கொண்டிருந்தான். எதிர்முனையில், அவள் முதல் டப்பாவை வாங்கிய வண்ணமீன் கடைக்காரர். அம்மாவும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டிருந்தான்.

"நானும் இத்தனை வருஷமா இதுல கிடக்கேன் தம்பி. நீலம் பார்த்ததே இல்ல. படம் அனுப்பினா நம்ப முடியல. நேர்ல பார்க்கணும்."

"வீட்டுக்கு வாங்கண்ணே."

"கடையை யார் பார்க்கிறது? நீ எடுத்துட்டு வா. ஞாயித்துக்கிழமை காலையில கூட்டம் இருக்காது. என்கிட்ட சுவர் நிறையப் பெட்டி இருக்கு, நீ அதையெல்லாம் பார்த்ததே இல்லையே. உன் நீலத்துக்கு என் பெட்டியிலேருந்து ஜோடி எடுத்துப் போடுவோம்."

தங்கை செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள். அம்மா ஊசியையும் நூலையும் பிடித்தபடி, கோக்காமல் இருந்தாள். அண்ணன் ஜன்னலைப் பார்த்தான். அந்தப் பக்கம்தான் தெரு.

"வர்றேண்ணே" என்றான்.

அன்று இரவு முழுவதும் அம்மா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கண் பட்டுவிடும் என்று பயந்தவள்போல இருந்தாள். மெத்தென்று இருக்கட்டும் என்று, யாரோ திருத்தக் கொடுத்த குளிர்ச்சட்டையில் வெட்டிய மிச்சத் துணியை உள்ளே வைத்து, பெட்டிக்கு ஒரு பை தைத்தாள். பெட்டி ஆடாமலிருக்க இரண்டு பக்கமும் பட்டை. அடுப்படியில் தங்கை பக்கத்தில் வந்து நின்றபோது மட்டும் சொன்னாள்:

"அந்த நீலப்பூச்சிக்கு நான் கோயில் கட்டுவேன்டி."

அதற்குமேல் தங்கை என்ன சொல்வாள், நீங்களே சொல்லுங்கள்.

வெள்ளிக்கிழமை இன்னொரு நீலம் வந்தது. சனிக்கிழமை வேறு பெட்டியில் ஒன்று. அண்ணன் சட்டையை எடுத்துப் போட்டுப் பார்த்தான். தோள் தளர்ந்து தொங்கியது. அம்மா பிடித்துத் தைத்துக் கொடுத்தாள்.

8

முடிவுகள். எழுதிப் பார்த்தவை எல்லாம் இங்கே இருக்கின்றன.

அ. தங்கை சொல்லிவிடுகிறாள். அண்ணன் தலையாட்டுகிறான். "சரி" என்கிறான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்துகிறான். அதற்குப் பிறகு நான் எவ்வளவு எழுதியும் அந்தக் கதவு திறக்கவில்லை. ஏழு பக்கம் எழுதினேன். தங்கை கதவுக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறாள். அம்மா காரட்டை நறுக்குகிறாள். உள்ளே சத்தமில்லை.

ஆ. சொல்லவில்லை. அண்ணன் போகிறான். பேருந்தில் ஜன்னலோரம் உட்காருகிறான். கடையில் கைகுலுக்கல், தேநீர், சிரிப்பு. நீலத்தைக் கடைக்காரரின் பெட்டியில் போடுகிறார்கள். இதை எழுதும்போது எனக்குக்கூடச் சந்தோஷமாக இருந்தது. ஒரு மாதம் தள்ளி எழுதினேன். சுவர் நிறைய இருந்த பெட்டிகள் காலி. "என்னத்தைத் தம்பி கொண்டுவந்து விட்டே?" என்று ஃபோனில் ஒரு குரல். அவன் வெளியே போன ஒரே ஒரு நாளுக்கு அது அர்த்தமாகிவிடுகிறது.

இ. தங்கை கடைக்காரருக்கு ரகசியமாக ஃபோன் செய்து, விஷயத்தைச் சொல்லி, அண்ணனிடம் காட்டிக்கொள்ளாதீர்கள் என்று கெஞ்சுகிறாள். அவரும் சரி என்கிறார். பார்த்துவிட்டு, பாராட்டிவிட்டு, ஜோடி பிறகு போடலாம் என்று அனுப்பிவிடுகிறார். என் சுபாவத்துக்கு ஏற்ற முடிவு இதுதான். யாரும் யாரோடும் நேருக்கு நேர் பேச வேண்டியதில்லை. ஆனால் அண்ணன் லென்ஸ் தீட்டியவன். ஒரு முகம் தன்னை ஏமாற்றுவதை அரை மில்லிமீட்டரில் கண்டுபிடித்துவிடுவான்.

ஈ. தங்கை தவறுதலாகப் பெட்டியைக் கீழே

[வேண்டாம்.]

உ. அது நிறம்தான். லட்சத்தில் ஒன்றுதான். ஒரு வம்சம் வருகிறது, அதற்கு அந்த வீட்டின் பெயரை வைக்கிறார்கள். கதை என்னுடையது, நான் எழுதினால் அப்படித்தான். எழுதினேன். "அது நோய் இல்லை என்று தெரிந்தது" என்ற வரிக்குப் பிறகு ஒரு வார்த்தையும் வரவில்லை. எனக்குள் இருக்கிற ஒரு மூடன் ஒரு வைரஸை மட்டும் பொய் சொல்ல வைக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கிறான். ஓர் அண்ணனை இஷ்டத்துக்கு உருவாக்கினேன், அவன் அம்மாவுக்கு ஒரு தொழில் கொடுத்தேன், காரட்டை மெல்ல வைத்தேன். இதை மட்டும் முடியவில்லை. அடுக்கடுக்காக நிறைந்த அந்தப் படிகத்தை அந்தப் புத்தகப் பக்கத்தின் மூலைப் படத்தில் பார்த்திருக்கிறேன். பார்த்ததைப் பார்க்கவில்லை என்று எழுத எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

9

ஞாயிறு காலை.

அண்ணன் சவரம் செய்திருக்கிறான். தாடி இருந்த இடம் மட்டும் வெளுத்துத் தெரிகிறது. பெட்டி பைக்குள், பை அவன் கையில். வெளிக்கதவைத் தங்கைதான் திறந்தாள். மாடிப்படியில் யாரோ இறங்குகிறார்கள். அந்தக் காலடிச் சத்தம் தேய்கிறவரை அவன் உள்ளேயே நிற்கிறான். தேய்ந்தபிறகும் நிற்கிறான்.

"நீயும் கூட வர்றியா?" என்று கேட்கிறான்.

"ம்."

"இதைப் பத்தி நீ ஒண்ணுமே சொல்லலையே."

"என்ன சொல்றது."

"இல்ல. அம்மா அன்னைக்கு ஒரு வார்த்தை சொன்னாங்களே. அதுலேருந்து எனக்கு ஒரு மாதிரியாவே இருக்கு. முதல்ல ஒண்ணு, அப்புறம் இன்னொண்ணு, நேத்து வேற பெட்டியில ஒண்ணு. லட்சத்துல ஒண்ணு எப்படி ஒரே வாரத்துல மூணு வரும்?" அவன் பையைத் திறக்கவில்லை. மேலிருந்தே தடவிப் பார்க்கிறான். "வெளிச்சத்துல வந்து நிக்குது. தொட்டாலும் உருளல. ராத்திரி உருப்பெருக்கியில பார்த்துக்கிட்டே இருந்தேன். நெட்ல பார்க்கலாம்னு ஃபோனை எடுத்தேன். எடுத்துட்டு வெச்சுட்டேன்."

"ஏன் அண்ணா?"

"உன்னைக் கேட்கலாம்னு. நீதானே இருக்கு, இல்லன்னு சொல்றவ."

தங்கை கதவின் விளிம்பைப் பிடித்துக்கொள்கிறாள்.

"நிறம்தானே?" என்கிறான்.

இங்கே நிறுத்திவிட்டேன். முடிவைக் கையில் வைத்துக்கொண்டு உங்களோடு விளையாடவில்லை. என்னிடம் இல்லை.

பெட்டிகளில் உங்களுக்கு வேலை கிடையாது. அவற்றை நான் ஏற்கெனவே எழுதிவிட்டேன். எந்தப் பதிலைச் சொன்னாலும் அவை ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்கு வரும், நிற்கும், நின்றபடியே முடிந்துபோகும். ஏழு பெட்டியும். அதில் மாற்ற ஒன்றும் இல்லை. மிச்சமிருப்பது வாசலில் நிற்கிற ஆள் மட்டும். ஒரு காலை எந்தப் பக்கம் வைக்கப்போகிறான் என்பது மட்டும்.

தங்கை வாயைத் திறந்துவிட்டாள். அதற்குள் நான் எந்தச் சொல்லையும் வைக்கவில்லை. அம்மா அடுப்படியிலிருந்து ஈரக் கையைத் துடைக்காமல் வந்து ஹாலின் நடுவில் நிற்கிறாள். தரையில் சொட்டுகிறது. அண்ணன் அந்தப் பக்கம் திரும்பவில்லை. ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு, உள்ளே போய்விடாமல், பதிலுக்காக நின்றுகொண்டிருக்கிறான்.

"சொல்லு" என்கிறான்.

உங்களைத்தான்.